நீலாவதி வீட்டில் ‘இறுக்கு’ என்ற சொல்

இறுக்கு என்றால் இழுத்து அழுத்திக் கட்டு என்று யாரும் அர்த்தம் சொல்லிவிடுவார்கள். விருத்தாசலத்தில் அந்தச் சொல்லுக்கு நாள் முழுவதும் வேலை உண்டு. சைக்கிள் கடையில் நட்டை இறுக்குவார்கள். மழைக்கு முன்னால் காற்று நின்றுபோனால், ‘இன்னா இறுக்கமா இருக்குது’ என்று முந்தானையால் விசிறிக்கொள்வார்கள். பஸ்ஸுக்கு மேல் ஏற்றிய மூட்டைக்குக் கயிற்றை இறுக்குவார்கள். இதனாலெல்லாம் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. நீலாவதி வீட்டில் மட்டும் அந்தச் சொல் காதில் விழுந்தால், அடுத்து எதுவோ உடம்பில் விழும்.

நீலாவதிக்கு நாற்பது தாண்டிவிட்டது. பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மை செய்கிற ஒரு சின்ன யூனிட்டில் வேலை பார்க்கிறாள். பிறந்தது ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில், பானை சட்டி செய்கிற குடும்பத்தில். பெண் பார்த்துவிட்டுப் போனபிறகு அவளுடைய அப்பா மாப்பிள்ளை கோவிந்தராசுவைப் பற்றி நாலு இடத்தில் விசாரித்தார். போன இடத்திலெல்லாம் ஒரே பதில். பையன் தங்கம், குடி கிடையாது, பீடி கிடையாது, கொஞ்சம் இறுக்கமான ஆளு, அவ்வளவுதான் என்றார்கள். அப்பாவுக்குப் பரம திருப்தி. அவருடைய கூடப்பிறந்தவர்கள் எல்லாம் சாராயத்தில் கரைந்துபோனவர்கள். இறுக்கமான ஆள் என்றால் வீண்செலவு செய்யமாட்டான், வம்பளக்கமாட்டான், குடும்பத்தைக் கட்டி நிறுத்துவான் என்று அவராகவே அர்த்தம் பண்ணிக்கொண்டார். அர்த்தம் பண்ணிக்கொண்டது அவர். கட்டிக்கொண்டது அவள்.

கல்யாணமான புதிதில் ஸ்ரீமுஷ்ணம் தேருக்குப் போய்விட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் தனியார் பஸ்ஸில் திரும்பினார்கள். அம்மா வீட்டில் கொடுத்த பூசணிக்காய் நீலாவதி மடியில் இருந்தது. கண்டக்டர் அதைப் பார்த்து, புள்ளைக்கு அரை டிக்கெட் எடுக்கலையா என்று கேட்டான். பஸ்ஸே சிரித்தது. நீலாவதியும் சிரித்தாள். கோவிந்தராசு வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்து, செருப்பை ஓரமாக விட்டு, கை கால் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு, கதவைத் தாழ்போட்டான். பிறகு அடித்தான். அவள் உதடு கிழிந்து பூசணிக்காய் மேல் ரத்தம் சொட்டியது.

“பல்ல இறுக்கி வெச்சிக்கத் தெரியல உனக்கு” என்றான்.

குடித்துவிட்டு அடிக்கிறவனுக்கு விடிந்தால் கொஞ்சம் வெட்கமாவது வரும். இவன் தெளிந்த புத்தியோடு அடித்தான், அதனால் விடிந்தும் ஒன்றும் வரவில்லை. காலையில் இட்லிக்குச் சட்னி கொஞ்சம் காரம் என்று மட்டும் சொன்னான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இறுக்காத பொருள் இல்லை. தெருப்பக்க ஜன்னலை ஆணி வைத்து இறுக்கினான். கூந்தலை இறுக்கிப் பின்னு என்றான். பிரிந்து கிடந்தால் அதைப் பிடித்தே இழுத்தான். அம்மா வீட்டுப் போக்குவரத்தை இறுக்கினான். செல்போன் வந்த காலத்தில் அதையும் இறுக்கினான், அவளிடம் இருந்த பட்டன் போனைச் சுவரில் அடித்து. அக்கம்பக்கத்தில் சத்தம் கேட்கும். கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். மறுநாள் குழாயடியில், ‘உங்க வூட்டுக்காரரு கொஞ்சம் இறுக்கந்தான்’ என்பார்கள். பல் ஆடினாலும் அதே சொல், புருவம் பிளந்தாலும் அதே சொல். அடிக்கிறான் என்று சொல்ல நம் பாஷையில் வார்த்தை இல்லாமலா போய்விட்டது? யாருக்கும் வாய் வரவில்லை.

யூனிட்டிலும் இருவரும் ஒன்றாகத்தான் வேலை பார்த்தார்கள். பொம்மைக்கு வெள்ளை பிளாஸ்டரில் இரண்டு பாதியாக அச்சு இருக்கும். இரண்டையும் பொருத்தி, பழைய சைக்கிள் டியூபை நீளமாக அறுத்த பட்டையால் இழுத்துச் சுற்றிக் கட்டி, மேலே உள்ள துளை வழியாக மண்குழம்பை ஊற்ற வேண்டும். கட்டு தளர்ந்திருந்தால் குழம்பு ஓரத்தில் வடிந்துவிடும். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, குழம்பு அச்சின் உள்பக்கம் தோல் மாதிரி படிந்து கெட்டியாகும். மிஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட்டு, காத்திருந்து, பட்டையை அவிழ்த்துப் பிரித்தால் உள்ளே பொம்மை நிற்கும். அவசரப்பட்டுப் பிரித்தால் குழைந்து படுத்துவிடும். நேரம் கடந்துவிட்டால் அதைவிடக் கேடு. காய்கிற மண் சுருங்கப் பார்க்கும், அச்சு விடாது, கடைசியில் பொம்மையின் கழுத்தில்தான் வெடிப்பு விழும்.

கட்டுவது கோவிந்தராசுவின் வேலை. அவிழ்ப்பது நீலாவதியின் வேலை.

அச்சு கட்டுகிறவர்கள் முடிச்சுப் போடமாட்டார்கள். முடிச்சுப் போட்டால் ஈரக்கையோடு அவிழ்க்க முடியாது, பட்டையை அறுக்க வேண்டியதுதான். அதனால் கடைசிச் சுற்றுக்கு அடியில் நுனியைச் செருகிவிடுவார்கள். ரப்பர் தன் இழுப்பிலேயே தன்னைப் பிடித்துக்கொள்ளும். எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு ஒரே இழுப்பு. தெரியாதவர்கள் இழுக்க இழுக்க அது இன்னும் இறுகும். கோவிந்தராசுவின் கட்டுக்குத் தொழிற்பேட்டையில் நல்ல பேர், ஒரு சொட்டுக் குழம்பு வெளியே வராது. ஒரு நாளைக்கு அவன் எத்தனை கட்டு கட்டினானோ அத்தனையையும் நீலாவதி அவிழ்த்தாள். கண்ணை மூடிக்கொண்டும் அவிழ்ப்பாள்.

எப்போது அவிழ்ப்பது என்று சொல்கிற உரிமை மட்டும் அவனிடம் இருந்தது. அச்சின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, பிரிக்கலாங்க என்று அவள் சொல்வாள்.

“இன்னும் நேரம் ஆவுல” என்பான்.

அவன் அச்சைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கமாட்டான். அவள் சொல்லிவிட்டாள், அதனால் நேரம் ஆகவில்லை. பொம்மைகள் கழுத்தில் வெடிப்போடு வெளியே வரும். முதலாளி அவனைச் சத்தம் போடுவார். அந்தச் சத்தம் வீட்டுக்கு வரும்போது கையாக மாறியிருக்கும்.

ஒரு தடவை நீலாவதியின் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று ஆள் வந்து சொன்னான். கோவிந்தராசு சூளைக்கு விறகு பார்க்க வெளியூர் போயிருந்தான். கேட்காமல் கிளம்பிவிட்டாள். மறுநாள் அவள் திரும்பியபோது அவன் வாசலில் நின்றான், கையில் டியூப் பட்டை. உள்ளே இழுத்துப் போனான். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து வைத்து, அச்சுக்குச் சுற்றுகிற அதே இழுப்போடு சுற்றினான். ஜன்னலின் கீழ்க் கம்பியோடு சேர்த்து இன்னொரு பட்டை. நுனியைச் செருகினான். யூனிட்டுக்குப் போய்விட்டான்.

அவிழ்க்க அவளுக்குத் தெரியும். நுனி அவள் கண் முன்னால் இருந்தது. குனிந்து பல்லால் இழுத்தால் போதும். அவிழ்த்தால் அவன் வந்து என்ன செய்வான் என்பதும் தெரியும். இரண்டு தெரிந்ததில் பின்னது பெரிதாக இருந்தது. கை முதலில் சிவந்தது, பிறகு நீலம் பூத்தது. அவள் அவிழ்க்காமலே உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் மகள் அன்பரசி ஸ்கூலிலிருந்து வந்தாள். இரட்டைச் சடையும் முதுகில் பையுமாக அப்படியே நின்றாள். ஓடிவந்து பட்டையில் கை வைத்தாள்.

“அவுக்காதடி. அப்பா வந்து அவுப்பாரு.”

அன்பரசி கையை எடுத்துவிட்டாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அம்மாவின் வாயில் ஊற்றினாள். பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள்.

அவன் வந்து அவிழ்த்தபோது நீலாவதியின் இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் செத்திருந்தன. ஆஸ்பத்திரியில் நர்சு அவளுடைய நகங்களை ஒவ்வொன்றாக அழுத்திவிட்டுப் பார்த்தார். அழுத்தினால் வெளுக்கணும், விட்டால் சிவக்கணும், சிவந்தால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம் என்றார். மூன்று விரல்கள் சிவந்தன. எப்படி ஆச்சும்மா என்று கேட்டதற்கு, வேலையில் பட்டை சுற்றிக்கொண்டது என்றாள். கோவிந்தராசு பக்கத்தில் நின்று தலையாட்டினான். அந்த இரண்டு விரல்களும் அதன்பின் நிமிரவே இல்லை. அது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மகளிடம் அவுக்காதே என்று தன் வாயால் சொன்னது மட்டும் அடிக்கடி நினைவுக்கு வந்தது.

அன்பரசி வளர்ந்தாள். கல்லூரி முடித்த கையோடு கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை மணிபாரதி கருவேப்பிலங்குறிச்சிக்காரன், சொந்தமாகக் குட்டி யானை வண்டி வைத்து லோடு அடிக்கிறவன். மாமனாரைப் பார்த்தால் எழுந்து நிற்பான். கல்யாணப் பந்தியில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, கோவிந்தராசு மாப்பிள்ளையின் தோளில் கை போட்டு, நாலு பேர் கேட்கச் சொன்னான்.

“ஆரம்பத்திலேயே இறுக்கி வெச்சுக்கப்பா. வுட்டுட்டா அப்புறம் புடிக்க முடியாது.”

பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். சாம்பார் வாளியோடு நின்ற நீலாவதியும் சிரித்தாள். மணிபாரதி சிரிக்கவில்லை, வாத்தியார் சொன்ன மாதிரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

அன்பரசி முதல் தடவை திரும்பி வந்தபோது ஒரு கண் மூடியிருந்தது. கோவிந்தராசு அன்றைக்கே பஸ் ஏற்றிக்கொண்டுபோய் விட்டுவிட்டு, சம்பந்தி வீட்டில் டீ குடித்துவிட்டு வந்தான். அடுத்த தடவை வந்தபோது நிமிர்ந்து நடக்க முடியவில்லை, மணிபாரதி வயிற்றில் உதைத்திருந்தான். அப்போதும் கோவிந்தராசு கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். நீலாவதி தடுத்தாள், அவளுக்கும் இரண்டு விழுந்தது. ஒவ்வொரு தடவையும் மகள் பஸ் ஜன்னலிலிருந்து அம்மாவைப் பார்த்தாள். அழவில்லை, கூப்பிடவில்லை. அப்பா வந்து அவிழ்ப்பார் என்று சொன்னவளைப் பார்க்கிற பார்வை அது. நீலாவதிக்கு அப்படித்தான் பட்டது.

மறுபடி அவள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. யூனிட்டுக்கு லீவு, கோவிந்தராசு முடிவெட்டப் போயிருந்தான். அன்பரசி கழுத்தைச் சுற்றித் துப்பட்டா போட்டிருந்தாள். நீலாவதி அதை விலக்கிப் பார்த்தாள். தொண்டையைச் சுற்றி ஒரு கறுத்த கோடு, மெல்லியதாக, நேராக ஓடியது. சார்ஜர் ஒயர் என்றாள் மகள். குரல் கரகரத்து வந்தது. கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் ரத்தம் பூத்திருந்தது.

“அவரு, உங்கப்பா சொன்னதத்தான் செய்யறேங்கிறாரும்மா. இன்னொரு தபா என்னைய அனுப்பினா நான் இருக்கமாட்டேன்.”

நீலாவதிக்கு அதில் சந்தேகமே வரவில்லை. கழுத்தில் வெடிப்பு விழுந்த பொம்மையை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். கடைசிக் கட்டம் எது என்று அவளுக்குத் தெரியும்.

யோசிக்க நேரமில்லை. காலண்டருக்குக் கீழே ஆணியில் யூனிட் சாவி தொங்கியது; காலையில் திறக்கிற வேலை கோவிந்தராசுவினுடையது. அதை எடுத்துக்கொண்டு மகளைப் பின்தெரு வழியாகக் கூட்டிப்போனாள். பொம்மைகளைக் காயவைக்கிற கொட்டகையில், பலகை அடுக்குகளுக்குப் பின்னால் உட்காரவைத்தாள். கூட வேலை பார்க்கும் மகேஸ்வரியின் தங்கை கடலூரில் இருந்தாள். மதியப் பஸ்ஸில் அவளிடம் அனுப்பிவிடலாம், அங்கிருந்து போலீசுக்குப் போகலாம் என்று மனசுக்குள் ஏற்பாடு செய்துகொண்டாள். அதுவரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது. வெளியே பூட்டப் போனபோது அன்பரசி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“பூட்டாதம்மா. உள்ள ரொம்ப இறுக்கமா இருக்குது.”

“கொஞ்ச நேரந்தான்” என்று பூட்டினாள் நீலாவதி. தானும் அதைத்தானே செய்கிறோம் என்று ஒரு கணம் கை நின்றது. வேறு வழி தெரியவில்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவள் வீட்டுக்குத் திரும்புவதற்குள் வாசலில் குட்டி யானை நின்றது. மணிபாரதி திண்டில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். கோவிந்தராசு முடிவெட்டிய கழுத்தில் பவுடரோடு நடுவீட்டில் நின்றான். அவ எங்க என்று கேட்டான். தெரியாதுங்க என்றாள். கேள்வி அதோடு முடிந்தது.

முதல் அடியில் காது அடைத்துப்போனது. அடுத்தது வயிற்றில். விழுந்தவளைக் கூந்தலைப் பிடித்துத் தூக்கி, சுவரில் மோதினான். ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, எங்க என்று கேட்டான். அவளும் ஒவ்வொரு தடவையும் தெரியாது என்றாள். நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. விலாவில் எதுவோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. மணிபாரதி வாசலிலிருந்து, சீக்கிரம் மாமா, லோடு இருக்குது என்றான்.

அப்போதுதான் கோவிந்தராசு காலண்டரைப் பார்த்தான். கீழே ஆணி மட்டும் இருந்தது. வெறும் ஆணியைப் பார்த்தவன், குனிந்து அவள் இடுப்பைத் தடவிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். அவள் அவன் காலைக் கட்டிக்கொண்டாள், உதறியும் விடவில்லை. அவன் பரணிலிருந்து டியூப் பட்டைகளை எடுத்தான். பழைய மாதிரியே மணிக்கட்டுகளைச் சேர்த்துச் சுற்றி, பழைய மாதிரியே ஜன்னல் கம்பியில் கட்டி, பழைய மாதிரியே நுனியைச் செருகினான்.

“நான் வந்து அவுக்கறவரைக்கும் குந்திக்கினு இரு” என்றான்.

அவன் கை பழகிய கை. முடிச்சுப் போட வேண்டும் என்று அதற்குத் தோன்றவே இல்லை. முன்னே ஒருமுறை அந்தக் கட்டு சாயங்காலம் வரை நின்றது. அன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்டிருந்தது ரப்பர்தான் என்று அவன் நினைத்திருந்தான்.

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டதும் நீலாவதி குனிந்தாள். கம்பியோடு கட்டிய பட்டையின் நுனியைப் பல்லால் கவ்வி இடப்பக்கமாக இழுத்தாள். அது சடாரென்று கழன்று அவள் முகத்திலேயே அடித்தது. மணிக்கட்டில் இருந்ததும் ஒரே இழுப்பில் கழன்றது. நாளெல்லாம் செய்கிற வேலை. இத்தனை சுலபமாகவா இருந்தது என்று நினைத்தபோது அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. அவன் மேல் வந்ததைவிடத் தன் மேல் அதிகமாக வந்தது.

பின்தெரு வழியாக ஓடினாள். மூச்சு விட்டால் விலா குத்தியது. வழியில் மகேஸ்வரி வீட்டுக் கதவைக் கையால் அறைந்து, யூனிட்டுக்கு வாடி, போலீசுக்குப் போன் பண்ணு என்று கத்திவிட்டு நிற்காமல் ஓடினாள்.

கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. மணிபாரதி அன்பரசியின் கழுத்தில் கிடந்த துப்பட்டாவைப் பின்னாலிருந்து பிடித்து, கையில் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தான். அன்பரசிக்கு முகம் கறுத்து, நாக்கு வெளியே தெரிந்தது. அவள் முன்னால் கோவிந்தராசு நின்று, துடிக்கிற கைகளைச் சேர்த்துப் பிடித்து டியூப் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தான். பெற்ற மகள் சாகிறாளா என்று அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. சுற்றுகிற பட்டையையே பார்த்தான், யூனிட்டில் அச்சைப் பார்க்கிற மாதிரி.

அச்சுகளைத் தட்டிப் பொருத்துகிற மரச்சுத்தியல் கதவோரம் கிடந்தது. நீலாவதி அதை எடுத்து மணிபாரதியின் முழங்கையில் இறக்கினாள். அவன் அலறித் துப்பட்டாவை விட்டான். விட்டதும் திரும்பி அவள் மார்பில் உதைத்தான். அவள் பலகை அடுக்கின் மேல் போய் விழுந்தாள். காய்ந்துகொண்டிருந்த பொம்மைகள் சரசரவென்று அவள் மேல் கொட்டி நொறுங்கின. அவன் அவள் மேல் ஏறி உட்கார்ந்து தொண்டையைப் பிடித்தான். அவளுக்குக் கண் இருண்டது. மாமியார் என்ற மரியாதைக்கு அதுவரை அவளைத் தொடாதவன், இப்போது கட்டைவிரல்களை உள்ளே அழுத்தினான்.

பிடி திடீரென்று விட்டது. அன்பரசி அரைகுறையாகக் கட்டிய கைகளோடு ஒரு முழுப் பிளாஸ்டர் அச்சைத் தலைக்கு மேல் தூக்கி அவன் மண்டையில் போட்டிருந்தாள். அச்சு இரண்டாகப் பிளந்தது. மணிபாரதி பக்கவாட்டில் சரிந்தான். வெள்ளைத் தூளில் ரத்தம் குழைந்து ஓடியது.

கோவிந்தராசு மகளின் கூந்தலைப் பிடித்துத் தரையில் சாய்த்தான். அவன் வலதுகையில் இன்னொரு பட்டை இருந்தது. அதை அவள் கழுத்தில் போட்டான். நீலாவதி தவழ்ந்து போய்ச் சுத்தியலை எடுத்தாள். அந்த மணிக்கட்டின் மேல் அடித்தாள். அவன் ‘ஆ’ என்று கையைத் தரையில் ஊன்றி அவளைப் பார்த்தான். அவள் மேல் கோபப்படக்கூட மறந்து, ஆச்சரியமாகப் பார்த்தான். கை தரையில் விரிந்து கிடந்தது. அவள் மறுபடி ஓங்கி அதே இடத்தில் அடித்தாள். முதல் அடி பயத்தில் விழுந்தது. இரண்டாவதை அவள் பார்த்துத்தான் அடித்தாள். எலும்பு உடைந்த சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது.

மகேஸ்வரி தெருவையே கூட்டிக்கொண்டு வந்தபோது, கோவிந்தராசு சுவரோரம் கையை மடியில் வைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தான். நீலாவதி பொம்மைச் சில்லுகளுக்கு நடுவே உட்கார்ந்து மகளின் கையிலிருந்த பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ரத்தத்தில் வழுக்கி இரண்டு மூன்று தடவை நுனி நழுவியது. டிவி சத்தத்தைக் கூட்டுகிற பக்கத்து வீட்டுக்காரியும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். இறுக்கமான ஆளு என்று அன்றைக்கு அவளும் சொல்லவில்லை. அடப்பாவி, கொல்லப் பாத்திருக்கானே என்றாள். கடைசியில் வாய் வந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் நீலாவதி ஒன்றையும் மறைக்கவில்லை. பூசணிக்காயில் தொடங்கி, செத்த விரல்களைக் காட்டி, சுத்தியல் வரைக்கும் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த பெண் அதிகாரி பேனாவை நிறுத்தி, முதல் அடியோட விட்டிருக்கலாமேம்மா என்று கேட்டார்.

“வுட்டிருக்கலாங்க” என்றாள். அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

மணிபாரதி தையல் போட்ட மண்டையோடு ஜெயிலுக்குப் போனான். கோவிந்தராசுவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, வார்டு வாசலில் ஒரு போலீஸ்காரரை உட்காரவைத்தார்கள். அவன் கையை நேராக்கி, முழங்கைக்கு மேல்வரை பிளாஸ்டர் கட்டுப் போட்டிருந்தார்கள். அதே ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் விலாவில் கட்டோடு படுத்திருந்த நீலாவதியை ஒரு வாரம் போல் வைத்திருந்து அனுப்பினார்கள். கிளம்புகிற நேரத்தில் ஆயா வந்து, வூட்டுக்காரரு பார்க்கணும்னு சொல்றாரு என்றாள். மகேஸ்வரி போக வேணாம்க்கா என்றாள். நீலாவதி போனாள்.

அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. வெள்ளைப் பிளாஸ்டர் கை தலையணை மேல் கிடந்தது. அதன் முனையில் ஐந்து விரல்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மன்னிப்புக் கேட்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, அவனும் கேட்கவில்லை. கையைக் கண்ணால் காட்டினான்.

“ரொம்ப இறுக்குது. தாங்க முடியல. அவுக்கச் சொல்லேன்.”

இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அவன் தனக்காகச் சொன்னது அதுதான் முதல் தடவை. நீலாவதி கட்டில் பக்கத்தில் குனிந்தாள். தன் நல்ல விரல்களால் அவனுடைய நகங்களை ஒவ்வொன்றாக அழுத்தி அழுத்தி விட்டாள். அழுத்தியபோது வெளுத்தன. விட்டபோது ஐந்தும் சிவந்தன.

“ரத்தம் ஓடுது” என்றாள். “இன்னும் நேரம் ஆவுல.”

முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். கேட்டுப் பக்கத்தில் அன்பரசி ஆட்டோவை நிறுத்திவைத்திருந்தாள்.